அவசரமாகக் கிளம்பிய வீடு

"இன்னும் ஒரே ஒரு சின்ன ரவுண்டுதான் சார்" என்று ஹெச்.ஆர். பெண் சொல்வது எத்தனாவது தடவை என்ற கணக்கு அவனுக்கே விட்டுப்போயிற்று. முதலில் அவள் போனில் பேசினாள். பிறகு ஒருவர் கேமராவில் முகத்தைக் காட்டாமலே பேசினார். பிறகு நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து, "உங்களை ஒரு ஆயுதம்னு வெச்சுக்குங்க, என்ன ஆயுதம்?" என்று கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். "கேடயம்" என்று சொல்லித் தப்பித்தான்.

அவனும் அவன் மனைவியும் ஒரே வீடியோ கேம் கம்பெனியில் இருந்தவர்கள். கேமுக்குள் வருகிற வீடு, தெரு, மரம் மட்டையெல்லாம் செய்கிற வேலை. அந்தக் கம்பெனியை இழுத்து மூடியபோது இருவருக்கும் ஒரே நாளில் வேலை போனது. இந்தப் புதுக் கம்பெனியில் காலியாக இருந்ததோ ஒரே இடம். இரண்டு பேருமே விண்ணப்பித்தார்கள். "யாருக்குக் கிடைச்சா என்ன, ஒரே வீட்டுக்குத்தானே வருது?" என்று தாராளமாகச் சொன்னவன் அவன்தான். மூன்றாவது ரவுண்டிலேயே தன்னைக் கழற்றிவிட்டார்கள் என்று அவள் வந்து சொன்னபோது "அடடா" என்றான். அந்த அடடாவில் வருத்தம் ஒரு சிட்டிகை, மீதியெல்லாம் நிம்மதி. அது அவளுக்குக் கேட்காது என்று நினைத்தான் பாருங்கள், அதைத்தான் அசட்டுத்தனம் என்பது.

அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன் அதிர்ந்தால் எழுந்தான், அதிராவிட்டால் ஏன் அதிரவில்லை என்று எழுந்தான். குளிக்கப் போனாலும் போன் சோப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"ஏங்க, கொஞ்சம் ஒரு இடத்துல உக்காருங்களேன். உங்களைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது."

"நீ சொல்லுவே. உனக்குத்தான் டென்ஷன் விட்டுதே."

அவள் அடுப்பைத் துடைத்தாள்.

நடுவில் ஒரு சோதனை வைத்தார்கள். ஒரு குடும்பம் அவசரமாகக் கிளம்பிப் போன சமையலறையைச் செய்து அனுப்ப வேண்டும். ஆட்கள் யாரும் இருக்கக் கூடாது. விளையாடுகிறவர் உள்ளே நுழைந்து நாலு பக்கமும் பார்த்தால் நடந்தது புரிய வேண்டும். அவன் நாற்காலியைக் கவிழ்த்தான், தட்டுகளை உடைத்தான், பாலைப் பொங்கவிட்டான். போதாது என்று ஜன்னல் கண்ணாடியிலும் ஒரு கல்லை எறிந்துவைத்தான்.

கடைசி ரவுண்டு, இது சத்தியமாகக் கடைசி என்று சொல்லி, நேரில் வரச் சொன்னார்கள். கண்ணாடி அறை, எலும்பைத் தொடுகிற ஏ.சி., அசைந்தால் முனகுகிற சுழல் நாற்காலி. அவன் அசைந்துகொண்டே இருந்தான். எதிரே உட்கார்ந்திருந்த ஆர்ட் டைரக்டர் ஓர் ஒல்லி மனிதர்.

"ரெண்டு பேர்தான் மிச்சம்," என்றார். "அந்த இன்னொருத்தர் செஞ்ச சமையலறை இது. யாருன்னு சொல்ல மாட்டேன். பார்த்துட்டு மனசுல பட்டதைச் சொல்லுங்க. டீம்ல அடுத்தவங்க வேலையை எடைபோடத் தெரியணும்."

திரையில் ஒரு சமையலறை வந்தது. மேடை சுத்தமாக இருந்தது. நாற்காலிகள் நேராக நின்றன. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கிழித்துத் தோரணம் கட்டினான்.

"சார், இதுல அவசரம் எங்க இருக்கு? எல்லாம் வெச்சது வெச்ச இடத்துல இருக்கு. வீட்டைப் பெருக்கிட்டு நிதானமா ஊருக்குப் போன மாதிரி இருக்கு. குடுத்த விஷயமே இவங்களுக்குப் புரியல."

அவர் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். அவன் கைக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே, மவுஸை உருட்டிக்கொண்டே இருந்தது. காட்சி கீழே இறங்கி, மேடைக்கு அடியில் இருந்த அலமாரிக்குள் போனது. அங்கே வரிசையாக டப்பாக்கள். ஒன்றின் மேலும் அதற்குரிய மூடி இல்லை. பெரிய டப்பாவின் வாய்க்குள் சின்ன மூடி விழுந்து கிடந்தது. வட்ட டப்பாவின் மேல் சதுர மூடி. கைக்கு அகப்பட்டதை வைத்து அமுக்கிவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

மவுஸை உருட்டிய கை நின்றது. அவனும் அப்படித்தான் மூடுவான். கல்யாணமான நாளிலிருந்து அதற்காக மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன். உலகத்தில் இந்த அலமாரியைச் செய்யக்கூடிய ஆள் ஒருத்திதான் உண்டு. அவளைக் கழற்றிவிடவில்லை. இவன் படும் பாட்டைப் பார்த்து மறைத்திருக்கிறாள்.

அவசரமும் அங்கேதான் இருந்தது, அவன் உடைத்த தட்டுகளையெல்லாம் விட அதிகமாக. இப்போது வாயைத் திறந்து அதைச் சொன்னால் வேலை அவளுக்கு. ஒரே வீட்டுக்குத்தானே வரும்? ஆனால் அவனுக்கு அது தனக்கே வேண்டும் என்று இருந்தது. வெட்கம் கெட்ட ஆசைதான், அதற்காக இல்லையென்று ஆகிவிடுமா?

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார் அவர்.

"இல்ல சார்."

வீட்டுக்கு வந்தபோது அவள் பால்கனியில் போனோடு நின்றிருந்தாள். பேசி முடித்து உள்ளே வந்தவளின் கண்கள் கலங்கியிருந்தன, உதடு சிரித்தது.

"உங்ககிட்ட ஒன்னு மறைச்சுட்டேங்க. கோச்சுக்காதீங்க. என்னை அப்பவே எடுக்கலைன்னு சொன்னது பொய். இப்பதான் எடுக்கல. ரூம்ல அவசரமே தெரியலையாம். வேற ஒரு ஆர்ட்டிஸ்ட்டும் பார்த்துட்டு அதையேதான் சொன்னாராம். கண்ணை எங்க வெச்சுருந்தாரோ!"

அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான்.

"நேத்து என்கிட்டயும் ஒன்னைக் காட்டினாங்க. பொங்கின பாலைப் பார்த்ததுமே உங்களோடதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஜன்னல் உடைஞ்சிருக்கு, கண்ணாடித் தூள் ஒன்னுகூட தரையில இல்ல. அதைச் சொல்லல. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்."

அப்போது அவன் போன் அடித்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அவங்கதான்! எடுங்க, எடுங்க!" என்று அவன் சட்டைப் பையிலிருந்து அதைப் பிடுங்கி நீட்டினாள்.

"அந்த ஆர்ட்டிஸ்ட் நான்தான்," என்றான் அவன். "முதல்ல தெரியாமத்தான் சொன்னேன். அப்புறம் மூடியெல்லாம் மாறியிருந்ததைப் பார்த்தேன். உன்னோடதுன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லல."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அவனையே பார்த்தாள். பிறகு தானே எடுத்து, "இருக்கார், ஒரு நிமிஷம்," என்று குரல் பிசகாமல் சொல்லி, போனை அவன் கையில் திணித்தாள்.

"பேசுங்க. ரெண்டு பேர்ல ஒருத்தராவது வேலைக்குப் போகணும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போனில் ஹெச்.ஆர். பெண் உற்சாகமாக, "சார், நான் பேசறது கேக்குதா?" என்றாள்.

"கேக்குது," என்றான்.