உதைக்காத துப்பாக்கி

அமெரிக்காவின் பிரிட்ஜ்வாட்டர் தமிழ்ச் சங்கத்து நாடகங்களில் பிச்சுமணி இதுவரை பிணமாக மட்டுமே நடித்திருந்தான். குறை சொல்லக் கூடாது, நல்ல பிணம். மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டான். ஆனால் ஒரு மனுஷன் எத்தனை வருஷம்தான் செத்துக்கொண்டே இருப்பான்? இந்த வருஷம் நாடகத்தை டைரக்ட் செய்யப் போவது தன் மனைவி ஸ்வர்ணாதான் என்று தெரிந்ததும், கையைக் காலைப் பிடித்து உயிருள்ள வேஷம் ஒன்றை வாங்கிவிட்டான். பனிமலை எல்லையில் காவல் நிற்கும் சீனச் சிப்பாய். வசனம் கிடையாது. ஒரே ஒரு தடவை சுட வேண்டும். எதிரே நம்மூர்ச் சிப்பாயாக நிற்கும் அனந்தராமன் சுருண்டு விழுந்து, விழுந்த பிறகும் நாலு பக்கம் வசனம் பேசிவிட்டுச் சாவார். இதில் சொதப்பினால் ஆயுசுக்கும் பிணம்தான் என்று ஸ்வர்ணா முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்.

பிச்சுமணி எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. அதுதான் அவன் வியாதி. சீன ராணுவத்தின் புது ரைஃபிளான 191 ரகத்தைப் பற்றி இணையத்தில் இருந்த வீடியோக்களையெல்லாம் பார்த்துத் தீர்த்தான். பழைய 95 ரகத்தில் தோட்டா டப்பா கைப்பிடிக்குப் பின்னால் இருந்தது, புதுசில் முன்னால் வந்துவிட்டது, அதனால் பிடிக்கிற விதமே வேறு என்று சாப்பாட்டு மேஜையில் விளக்கினான். ஸ்வர்ணா அப்பளம் வேண்டுமா என்று கேட்டாள். த்ரீடி பிரின்டரில் பொம்மை ரைஃபிள் ஒன்றைச் செய்து, பார்க்கிறவர்கள் பதறாமல் இருக்க முனையில் ஆரஞ்சு வர்ணம் அடித்து, கராஜில் நின்று பழக ஆரம்பித்தான்.

நிற்பது என்றால் சும்மா நிற்பதா? இடது கால் முன்னால், முட்டி லேசாக மடங்கி, உடம்பு முன்பக்கம் சாய்ந்து, துப்பாக்கியின் பின்கட்டை தோள்குழியில் அழுந்தி, கன்னம் அதன்மேல் ஒட்டி நிற்க வேண்டும். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். அந்த உதையை உடம்பு மொத்தமும் வாங்கி அடக்கிவிட வேண்டும். சைக்கிள் எடுக்க வந்த மகள் அதிதி ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். "அப்பா, யூ லுக் லைக் யூ நீட் த பாத்ரூம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று பிச்சுமணி மனசைத் தேற்றிக்கொண்டான்.

ஒத்திகையில் ஸ்பீக்கர் டுமீல் என்றது. பிச்சுமணி இம்மி அசையவில்லை.

"எப்ப சுடப் போறீங்க?" என்றாள் ஸ்வர்ணா.

"சுட்டாச்சு."

சுட்டது பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா, ரெண்டடி பின்னால் தள்ளாடுங்கள் என்றாள் அவள். பிச்சுமணிக்கு வந்ததே கோபம். "ட்ரெயின் பண்ண சோல்ஜர் அசைய மாட்டான். அசைஞ்சா அவன் சோல்ஜரே இல்ல." உடனே அனந்தராமன் ரைஃபிளை வாங்கி, கரண்டுக் கம்பியில் கை வைத்தவர் மாதிரி துள்ளிப் பின்னால் போய் விழுந்து காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் போலித்தனத்தைப் பார்க்கச் சகிக்காமல் பிச்சுமணி ரைஃபிளைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டான். ஆனாலும் பிணமாகப் படுத்த வருஷங்களை நினைத்துப் பார்த்து, தள்ளாடுகிறேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தான்.

நாடகத்தன்று மத்தியானம் வாடகை ஹால் நிரம்பி வழிந்தது. லேப்டாப்பில் சத்தம் போடும் பொறுப்பு சபரிநாதனுடையது. இந்த நாடகத்துக்கு முன்னால் பெண்கள் போட்ட சமையல்கட்டு காமெடியின் சத்தங்களும் அதே லேப்டாப்பில்தான் இருந்தன. பிச்சுமணி மேடையேறி, குறி பார்த்து, விசையை அழுத்தினான்.

ஸ்பீக்கரிலிருந்து குக்கர் விசில் வந்தது.

நீளமான, நல்ல, கெட்டியான விசில். தள்ளாடுகிறேன் என்று வாக்குக் கொடுத்த உடம்பு, கராஜில் பழகிய பழக்கத்தில் அசைய மறுத்துவிட்டது. சபரிநாதன் பதறிப்போய் மறுபடி அமுக்கினார். ரெண்டாவது விசில். பிச்சுமணி கல்லுப்பிள்ளையாராக நின்றான். மூன்றாவது விசிலும் வந்தது.

"மூணு விசில் வந்தாச்சு, அடுப்ப அணைங்கப்பா" என்றது கூட்டத்திலிருந்து ஒரு மாமியின் குரல்.

ஹாலே குலுங்கியது. டுமீல் கேட்காமல் எப்படிச் சாவது என்று புரியாத அனந்தராமன் வாயைப் பிளந்தபடி நின்றார். பக்கத் திரை ஓரத்தில் ஸ்வர்ணா தலையில் கைவைத்திருந்தாள். அவ்வளவுதான், கதை முடிந்தது, இனி காலம் முழுக்க வெள்ளைத் துணிதான் என்று பிச்சுமணி முடிவே கட்டிவிட்டான். எப்படியும் சாகப் போகிறோம், ஒரு வார்த்தை பேசிவிட்டாவது சாகலாமே என்று ஒரு வெறி வந்தது. சீனச் சிப்பாய் ரைஃபிளைக் கீழே இறக்கினான்.

"அண்ணே, சாதம் வெந்துருச்சு" என்றான் சுத்தத் தமிழ்நாட்டுத் தமிழில். "வாங்க, சாப்பிட்டு வந்து சண்டை போடலாம்."

சிரிப்பில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. நாலு பக்க வசனத்தைக் கோட்டைவிட அனந்தராமன் தயாராக இல்லை. "இருய்யா, நான் சாகணும்" என்று பல்லைக் கடித்தார். அவர் சட்டையில் மாட்டியிருந்த மைக் அதையும் ஊருக்கே சொல்லிவிட்டது.

"சாகறதுக்கு என்ன அவசரம்? வெறும் வயித்தோட போகாதீங்க."

பிச்சுமணி அவர் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டான். எல்லையில் ஒருத்தரும் இல்லை. திரை விழுந்த பிறகும் கைதட்டல் நிற்கவில்லை.

திரும்பும்போது ஸ்வர்ணாதான் காரை ஓட்டினாள். ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் மூன்று மாசம் எழுதித் திருத்திய சோக நாடகம் அது. பிச்சுமணிக்கு உள்ளபடியே பாவமாக இருந்தது. இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அடுத்த வருஷம் மறுபடி பொணம்தானா?"

ஸ்வர்ணா சிக்னலில் காரை நிறுத்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அடக்கி அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவளுக்குப் பீறிட்டுக்கொண்டு வந்தது.

"இனிமே உங்கள எப்படிப் பொணமா போடறது? எப்ப எழுந்து பேசுவீங்கன்னு ஹாலே உங்களையே பாத்துண்டு உக்காந்திருக்குமே."