தூரம் என்றால் ரொம்ப

வாரம் ஒருமுறை அந்த வெளிநாட்டு வியாபாரி லேப்டாப் திரையில் வந்து உட்காருவார். குடைப் பட்டறையின் பின்னறையில், துணி உருளைகளுக்கு நடுவே ஒரே பெஞ்சில் அமர்ந்து அக்காவும் தம்பியும் அவரைப் பார்ப்பார்கள். பட்டறை இருவருக்கும் பொது. துணி, தையல், ஆட்கள் எல்லாம் அக்கா பொறுப்பு. வெளியாட்களோடு பேச்சு தம்பி பொறுப்பு. கடைப் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான் அக்காவுக்கு ஆங்கிலம்.

அன்று அந்த மனிதர் வெகுநேரம் பேசினார். இரண்டு கைகளையும் கதவை அளப்பவர்போல் அகல விரித்தார், பிறகு ஒரு சாண் அளவுக்குச் சுருக்கினார். தம்பி தலையாட்டிவிட்டு அக்கா பக்கம் திரும்பினான்.

"துணி வெட்டற வேலை கொஞ்சம் குறையும்னு சொல்றாருக்கா."

"அந்தக் கொஞ்சத்தச் சொல்லவா இவ்வளவு நேரம்?"

"அவங்க பேச்சே அப்படித்தான். வளவளன்னு இழுப்பாங்க."

சொல்லிவிட்டு அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அக்காவின் மனதில் முள் தைத்தது அப்போதுதான்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பேச்சு வெள்ளமாக ஓடினாலும் சில சொற்கள் கரையில் ஒதுங்கின. 'ஃபார்' என்றார். இன்னொரு முறை 'வே' என்றார். மறுபடியும் 'ஃபார்'. இந்த இரண்டும் அவளுக்குத் தெரியும். ஃபார் என்றால் தூரம். வே என்றால் வழி. குடை வியாபாரத்தில் தூரம் எங்கிருந்து வந்தது? எதற்கு வழி?

கூட்டிக் கழித்துப் பார்த்தாள். பட்டறையை எங்கோ தூரத்துக்குக் கொண்டுபோகப் பேச்சு நடக்கிறது.

ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அதற்கு எல்லாமே தீனிதான். தம்பி ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனான், அவள் காலடி கேட்டதும் குரலைத் தாழ்த்தினான். சாப்பாட்டு நேரத்தில் துணி வெட்டும் மீசைக்காரர் அருகே வந்து குனிந்தார்.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்கம்மா. காலைல நீங்க வர்றதுக்கு முன்னாடி உங்க தம்பி டேப்ப வச்சு மெஷின் மேசையெல்லாம் அளந்துட்டு இருந்தாரு. என்னப் பாத்ததும் டேப்பப் பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு."

"லாரில ஏத்தப் பாத்திருப்பான்" என்றாள் அக்கா. தட்டை ஒதுக்கி வைத்தாள்.

கூடப் பிறந்தவன். சிறுவயதில் அவன் உடைத்த கண்ணாடிக்கெல்லாம் அவள்தான் அடி வாங்கியிருக்கிறாள். அவன் இவ்வளவு பெரிய குழி பறிப்பானா? மாட்டான் என்று மனதின் ஒரு பாதி சொன்னது. மற்றப் பாதி அவன் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த அழைப்பு முடிந்து திரை அணைந்ததும் அவள் கதவைச் சாத்தினாள்.

"எங்கடா கொண்டுபோகப் போறீங்க?"

"எதக்கா?"

"நடிக்காத. ஃபார் ஃபார்னு வாய்க்கு வாய் சொல்றாரு. எனக்குக் காது இல்லையா? எந்தத் தூரத்துக்குடா?"

தம்பி ஒரு நொடி விழித்தான். பிறகு வெடித்துச் சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

"ஐயோ அக்கா! அது தூரம் இல்ல. நாம ஒண்ணவிட இன்னொண்ணு கூடன்னு சொல்றப்போ 'ரொம்பக் கூட', 'எவ்வளவோ கூட'ன்னு அழுத்துறோம்ல? அவங்க அதுக்குத் தூரத்தப் போடுவாங்க. ஃபார் மோர்னா ரொம்ப அதிகம். பேச்சுவழக்குல வே மோர்னும் சொல்லுவாங்க, அதுவும் அதேதான். அதுல வழியும் இல்ல, வாசலும் இல்ல."

அக்காவுக்கு மூச்சு வந்தது. அவளும் சிரித்துவிட்டாள். "நான் என்னத்தக் கண்டேன். ரொம்பங்கிறதுக்குப் போய் யாராவது தூரம்னு சொல்லுவாங்களா?"

"மச்னும் சொல்லுவாங்க, மெனின்னும் சொல்லுவாங்க. அதுலயும் கணக்கு இருக்கு. எண்ண முடிஞ்சதுன்னா மெனி மோர். துணி, தண்ணி, நேரம்னா மச் மோர்." உற்சாகத்தில் அவன் வாத்தியாராகிவிட்டான். "குறைச்சலுக்கும் அப்படித்தான். தண்ணி குறைஞ்சா லெஸ். எண்ணுற சாமான் குறைஞ்சா ஃபியூவர்."

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இன்னிக்கு அவர் ஃபியூவர்னுதானே சொன்னாரு? ஃபார் ஃபியூவர்."

தம்பி லேப்டாப்பை மூடினான்.

"நீ அன்னிக்கு வேலை குறையும்னே. வேலைய எப்படிடா எண்ணுவாங்க? எண்ணுறது எது? கைப்பிடியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அது அவனுக்கும் தெரியும். அக்கா சாத்தியிருந்த கதவை அவன் பார்த்தான். அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஆளுங்க" என்றான்.

பிறகு எல்லாம் கொட்டியது. வெட்டித் தைத்த துணி இனி வேறிடத்திலிருந்து மெஷினில் தயாராகி வரும். இங்கே கம்பியில் மாட்டினால் போதும். இப்போது இருப்பதைவிட ரொம்ப ரொம்பக் குறைவான ஆட்கள் போதும் என்று அந்த மனிதர் முதல் வாரமே சொல்லிவிட்டார்.

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உணவுக்கடை வாசல்ல நிறுத்துற பெரிய குடை நம்மகிட்ட வாங்க இன்னொரு வியாபாரியத் தேடிட்டு இருந்தேன். அதுக்கு மேசை பத்துமான்னுதான் அளந்தேன். அந்த ஆர்டர் கைக்கு வந்ததும் ரெண்டையும் சேத்துச் சொல்லலாம்னு..."

"நல்லது நினைச்சுத்தான் பண்ணிருக்கே" என்றாள் அக்கா. "ஆனா நீ முழுங்கினது அவரோட பேச்ச இல்லடா. வெளிய உக்காந்திருக்காங்களே, அவங்க சோத்த."

அவள் கதவைத் திறந்தாள். மெஷின்களை நிறுத்தச் சொன்னாள். தம்பியையே நடுவில் நிற்கவைத்து, அந்த மனிதர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொல்லச் சொன்னாள். அவன் 'கொஞ்சம்' என்று தொடங்கியபோது, "ரொம்ப" என்று திருத்தினாள். யாரும் அழவில்லை. பித்தான் தைக்கும் பெண் மட்டும், "முன்னாடியே சொல்லிருந்தா என் நாத்தனார் கூப்பிட்ட வேலைக்குப் போயிருப்பேனே, இப்போ அங்க ஆள் எடுத்துட்டாங்க" என்றாள். தம்பி தலை நிமிரவில்லை.

அக்காவும் தம்பியும் பழைய வியாபாரியின் வேலையை விட்டுவிட்டார்கள். இரண்டு பெண்கள் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். மாதம் திரும்புவதற்குள் பெரிய குடை வாங்கவிருந்த புது வியாபாரி திரையில் வந்தாள். சிரித்த முகம். தம்பியின் முகமும் மலர்ந்தது.

"நாம நினைச்சதவிட ரொம்பக் கூட வேணுமாம்க்கா. எவ்வளவோ கூட!"

அக்கா தலையாட்டினாள். பிறகு அவன் கண்ணெதிரிலேயே ஃபோனை எடுத்து, மீசைக்காரரின் ஆங்கிலம் படித்த மகளைக் கூப்பிட்டாள்.

"அம்மாடி, இந்தம்மா சொல்றத நீயும் ஒரு தடவ கேளு. கூடங்கிறாங்களா, குறைச்சல்ங்கிறாங்களா, எவ்வளவு, எல்லாம் எனக்குச் சொல்லு."

ஃபோனைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். தம்பி பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.