நானூறு கிராம்

கும்மிடி காளைகள் இனி ஆட மாட்டார்களாம். திங்கட்கிழமை முதல் ஷிப்டு முடிகிற நேரத்துக்கு இந்தச் செய்தி சிப்காட் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தது. நுழைந்த ஜோரில் நேராக நூர் முகம்மது பாய் டீக்கடைக்கு வந்து சேர்ந்தது. கடையில் அப்போது அந்தக் கபடி அணியின் ரசிகர் மன்றத்துக்காரர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். மன்றத் தலைவன் எட்வர்ட். கம்பி ஆலையில் காண்டிராக்ட் கூலி, பதினோரு வருஷமாகியும் நிரந்தரம் ஆகாதவன். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "யார் ஆரம்பிச்சது, ஜெரால்டா?" என்பதுதான்.

ஜெரால்டுதான். கடலோரக் கபடி லீக்கில் காளைகளின் முதல் ரைடர். அவனோடு ஆடிய பழவேற்காட்டு சஹாபுதீன் போன மாதம் ஆட்டத்தில் முழங்கால் கிழிந்து விழுந்தான். மறுநாளே பையைக் கையில் கொடுத்து, ஒப்பந்தம் முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார் முதலாளி. அடிபட்டவனுக்கு சீசன் முடிகிற வரைக்கும் சம்பளமும் வைத்தியமும் வேண்டும், அதை எழுத்தில் கொடுத்தால்தான் களத்தில் கால் வைப்போம் என்று பன்னிரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

மன்றத்துக்காரர்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. முதலாளியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. காளைகளின் முதலாளியும் கம்பி ஆலையின் முதலாளியும் ஒருவரே என்பதால் அந்த வழக்கமே அங்கே கிடையாது. திட்டெல்லாம் ஆட்டக்காரர்களுக்கு. நாற்பது நாள் ஆட்டத்துக்கு லட்சக்கணக்கில் வாங்குகிறவனுக்கு எதற்குப் போராட்டம் என்றான் ஆலையில் ஃபிட்டராக இருக்கும் துளசிராமன். நாம் பத்து நிமிஷம் தாமதமாகப் போனால் அரை நாள் போச்சு, இவர்கள் ஏ.சி. பஸ்ஸில் போய் இறங்கிவிட்டு உரிமை பேசுகிறார்களா என்றான் இன்னொருவன்.

எட்வர்ட் தன் இடது கையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்தினான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லாத கை.

"எனக்கு ரெண்டு வெரல் போச்சி. மில்லு ஒரு நிமிஷம் நின்னுச்சா? கட்டு போட்டுகினு இருபது நாள் ஊட்ல குந்திகினு இருந்தேன், ஏன்னு கேக்க நாதி இல்ல. இவனுங்களுக்கு முட்டி வலிச்சா சம்பளம் வோணுமாம்."

"அன்னிக்கி நின்னிருக்கணும்பா மில்லு," என்றார் நூர் முகம்மது பாய், பாலை ஆற்றிக்கொண்டே. சஹாபுதீன் அவருக்குத் தங்கை மகன். அதனால் அவர் பேச்சு கணக்கில் சேரவில்லை.

அன்று சாயங்காலமே பைபாஸ் ஓரத்து பிளெக்ஸில் ஜெரால்டு கழுத்துக்குச் செருப்பு மாலை ஏறியது. மாலை கட்டியவன் துளசிராமன், ஏணியில் ஏறிப் போட்டவன் எட்வர்ட். கீழே இருந்து யாரோ வீடியோ எடுத்தார்கள். இறங்கி வந்ததும் எட்வர்ட் அதை மூன்று தரம் போட்டுப் பார்த்தான். மனசு குளிர்ந்தது, ஆனால் வீடு போய்ச் சேரும் வரைக்கும் அந்தக் குளிர்ச்சி தாங்கவில்லை.

இந்த எரிச்சல் இன்று நேற்று வந்ததில்லை. எட்வர்டும் ஜெரால்டும் ஆரம்பாக்கத்தில் ஒரே தெரு. ஒரே அணி. எட்வர்ட்தான் கேப்டன், வயதிலும் நாலு வருஷம் மூத்தவன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆள் எடுக்கச் சென்னையிலிருந்து வந்தார்கள். அன்றைக்கு எட்வர்டுக்குப் பகல் ஷிப்டு, மாற்றிக் கொள்ள ஆள் கிடைக்கவில்லை. ஜெரால்டு போனான், ஒரேயடியாகப் போய்விட்டான். அப்புறம் டி.வி.யில் ஏலம் விட்டு அவனுக்கு விலை கூவினார்கள். ஊரே கைதட்டியபோது எட்வர்டும் தட்டினான், உள்ளங்கை சிவக்கத் தட்டினான். மைதானத்தில் அவனை விடச் சத்தமாக விசில் அடிக்க ஆளே கிடையாது. விசில் அடித்தது வாய், எரிந்தது வயிறு. ஒருநாள் அவன் மனைவி சுகிர்தா டி.வி.யைப் பார்த்துக்கொண்டே, "இந்தாய்யா, ஜெரால்டுக்குக் கால் அமுக்கி உடறதுக்குன்னே ஒரு டாக்டர வெச்சிகீறாங்க பாரேன்," என்று வெள்ளந்தியாகச் சொன்னாள். எட்வர்ட் அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தான். வயிறு சரியில்லை என்று அவன் சொன்ன காரணமும் பொய் இல்லை.

புதன்கிழமை ஆலையில் மேனேஜர் சுப்பிரமணி அவனைக் கூப்பிட்டனுப்பினார். அணி விவகாரங்களையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நின்றுபோகக் கூடாது, டி.வி.க்காரர்களுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, சுற்றுவட்டாரத்தில் எட்டுப் பேரைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம், நீ ஒரு காலத்தில் நன்றாக ஆடுவாயாமே என்று கேட்டார். எட்வர்டுக்குக் காதில் தேன் பாய்ந்தது. முப்பத்தாறு வயதாகிறது என்றோ, விரல் இல்லை என்றோ அவன் வாயைத் திறக்கவில்லை. நீட்டிய தாளில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டான்: எடை எவ்வளவு சார்? எண்பது கிலோவுக்குள் என்றார் சுப்பிரமணி.

வருகிற வழியில் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறிப் பார்த்தான். எண்பத்து மூன்றரை.

அந்தப் பக்கத்துக் கபடியில் எடைதான் வேதம். அறுபது கிலோ ஆட்டம் என்றால் அறுபதுதான். நூறு கிராம் கூடினாலும் ஊர்ப் பெரிய மனிதர் மகனாக இருந்தாலும் வெளியே. ரேஷன் கடைத் தராசைத் தூக்கி வந்து, இரண்டு அணியும் சுற்றி நின்று, முள்ளைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். முந்நூறு கிராமுக்காக மொட்டை அடித்துக்கொண்டவர்கள் உண்டு. போர்வையைச் சுற்றிக்கொண்டு தண்டவாளத்து ஓரமாக எளாவூர் வரைக்கும் ஓடித் திரும்பியவர்கள் உண்டு. எட்வர்ட் இரண்டையும் செய்தவன்.

நாலு நாள் பட்டினி. காலையில் நாஷ்டா கிடையாது, மத்தியானம் ஒரு வாழைப்பழம். ஷிப்டில் உலை வெக்கை, ஷிப்டு முடிந்ததும் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓட்டம். வெள்ளிக்கிழமை சுகிர்தா அவன் கையெழுத்துப் போட்ட தாளின் நகலை எடுத்து வரி விடாமல் படித்தாள். அவள் செல்போன் உதிரிபாகம் பேக்கிங் செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறவள், சின்ன எழுத்தைப் படித்துப் பழகிய கண்.

"அடி பட்டா கம்பெனி பொறுப்பு இல்லன்னு போட்டு கீது. இதுக்குத்தானே அவனுங்க குந்திகினு கீறானுங்க?"

"எனக்கு ஒண்ணும் ஆவாது."

"அதக் கேக்கல நான். அவன் கெட்டுப் போவணும்னு போறியா, நீ நல்லா ஆவணும்னு போறியா? ரெண்டும் வேறய்யா."

"ஒரே ஒரு ஆட்டம், சுகிர்தா. அவன் நின்ன எடத்துல ஒரு தடவ நிக்கணும். அவ்ளோதான்."

அவள் தாளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். சனிக்கிழமை அவன் ஓடிவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்தபோது தலை சுற்றியது. ஒரு டம்ளர் தண்ணீரில் பாதியைக் கொட்டிவிட்டு மீதியைக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பைபாஸ் பக்கத்துத் தகரக் கொட்டகை மைதானம் களைகட்டியது. துளசிராமன் மன்றத்துக்காரர்கள் அறுபது பேரைக் கூட்டி வந்திருந்தான். ஜெரால்டு பிளெக்ஸை இறக்கிவிட்டு எட்வர்ட் முகம் போட்ட பிளெக்ஸ் ஏறியிருந்தது. "எங்கள் இரும்புக் காளை" என்று எழுத்து. படம் கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டியது, சட்டைக் காலரில் மாலையின் ரோஜா கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. வாசலுக்கு எதிரே சாமியானா போட்டு ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போன கூட்டம் அவர்களைப் பார்த்து ஊளையிட்டது. எட்வர்ட் அந்தப் பக்கம் திரும்பாமல் போனான்.

உடை மாற்றுகிற அறையில் அவனுக்குக் கொடுத்த பனியன் ஏழாம் நம்பர். முதுகில் பெயர் இருந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. டேப்புக்கு அடியில் என்ன பெயர் என்று பார்க்க அவன் நகத்தால் கீறிப் பார்க்க வேண்டியதே இல்லை. போட்டுக்கொண்டான். தோளில் சரியாக உட்கார்ந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவன் வயிறு எரியவில்லை, காலியாக மட்டும் இருந்தது.

எடைக்கு வரிசையாக நிறுத்தினார்கள். எலக்ட்ரானிக் மேடை. முன்னால் நின்ற செங்குன்றத்துக்காரன் ஏறுவதற்குள் சுப்பிரமணி அவன் பெயருக்கு நேராக எழுபத்தொன்பது என்று எழுதிவிட்டார். எட்வர்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினான். சிவப்பு எண்கள் தத்தளித்து நின்றன. எண்பது புள்ளி நாலு.

"எறங்கு, எறங்கு. எழுதியாச்சி," என்றார் சுப்பிரமணி.

"சார், நானூறு கிராம் கூட கீது."

"எழுபத்தொம்பதுன்னு போட்டுட்டேன். போய்க் கால்ல பேண்டேஜ் சுத்திக்கோ."

எட்வர்ட் இறங்கவில்லை. அரை மணி நேரம் கொடுத்தால் ஓடி இறக்கிவிட்டு வருகிறேன் என்று கேட்டான். ஆட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்றான். சுப்பிரமணிக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த லீக் அதிகாரியும் பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"உன்ன யாருப்பா எடை பாக்கப் போறா? நிக்கிறதுக்கு ஆள் வேணும், நாப்பது நிமிஷம் நின்னுட்டு போ."

"ஜெரால்டுக்கும் இப்பிடித்தான் எழுதுவீங்களா சார்?"

"அவனுக்கா? போன மாசம் முந்நூறு கிராம் கூடன்னு ரெண்டு மணி நேரம் ஓட உட்டுல்ல ஆட உட்டோம்." சுப்பிரமணி அடுத்த பெயரைத் தேடிக்கொண்டே சொன்னார். "அவன் ஆட்டக்காரன்பா."

அணைந்ததென்று நினைத்த நெருப்பு அடிவயிற்றிலிருந்து எழுந்து நெஞ்சுக்கு ஏறியது. சம்பளத்தைப் பார்த்து எரிந்திருக்கிறான், ஏ.சி. பஸ்ஸைப் பார்த்து எரிந்திருக்கிறான், கால் அமுக்கும் டாக்டரைப் பார்த்து எரிந்திருக்கிறான். அதெல்லாம் ஒன்றுமே இல்லை. முந்நூறு கிராமுக்கு அவனை ஓடவிட்டார்கள். நானூறு கிராமுக்கு இவனை அப்படியே உள்ளே போய் ஆடு என்கிறார்கள்.

"எடை சரியா பாக்கலன்னா நான் ஆட மாட்டேன் சார்."

அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுப்பிரமணியின் முகத்தில் சிரிப்பு வடிந்துபோனது. "நீயுமா?" என்றார். காண்டிராக்ட் கூலிக்கு இவ்வளவு கொழுப்பா, நாளைக்கு ஆலை கேட்டில் எப்படி நுழைகிறாய் பார்க்கிறேன் என்றார். பனியனைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார். எட்வர்ட் கழற்றினான். அதற்கு மனசு வரவில்லை என்பதை அவன் யாரிடமும் மறைக்கவும் இல்லை. நிதானமாக மடித்து மேடையின் மேல் வைத்தான்.

வெளியே வருவதற்குள் செய்தி அவனுக்கு முன்னால் ஓடிப்போயிருந்தது. எட்வர்டும் அதிகமாக டப்பு கேட்டானாம், கொடுக்கவில்லை என்றதும் முறுக்கிக்கொண்டானாம். படிக்கட்டில் துளசிராமன் வழிமறித்தான். "ஒரு நாளு சட்டை மாட்ட குடுத்தா உனுக்கும் ஏறிச்சா மச்சா? எங்க மூஞ்சிய எங்க கொண்டு வெச்சிக்கிறது?" என்றான். எடை விஷயம் என்று எட்வர்ட் சொல்லிப் பார்த்தான். நானூறு கிராமுக்காக எவனாவது வாய்ப்பை விடுவானா என்றான் துளசிராமன். பின்னால் நின்றவர்கள் ஊளையிட்டார்கள். அவர்கள் கண்ணில் தெரிந்தது என்ன என்று எட்வர்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் அதிலேயே ஒன்பது வருஷம் குடியிருந்தவன்.

வாசலைத் தாண்டினான். வெயில் கண்ணில் குத்தியது. எதிரே சாமியானாவில் இருந்து ஜெரால்டு எழுந்து வந்தான். செருப்பு மாலை வீடியோவை அவனும் பார்த்திருப்பான், பார்க்காதவன் யாரும் இல்லை.

"இன்னாண்ணா, ஆடலியா?"

"எடை கூட."

"எவ்ளோ?"

"நானூறு."

"ஓடியிருக்கலாமே."

"ஓட உடல."

ஜெரால்டு அவனையே பார்த்தான். அப்புறம் மைதானத்து வாசலைப் பார்த்தான். பெஞ்சில் முழங்காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த சஹாபுதீன் தள்ளி இடம் விட்டான். அவன் மாமா நூர் முகம்மது பாய் அனுப்பிய பன்னும் டீயும் ஒரு தட்டில் இருந்தன. எட்வர்ட் உட்கார்ந்தான், ஒரு பன்னை எடுத்தான், கடிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"உன் பக்கம் வந்துட்டேன்னு நெனைக்காத. உன்னப் பாத்தா எனக்கு எரியுதுடா. இப்பவும் எரியுது."

"எரியட்டும்ணா. தள்ளிக் குந்து, அங்க வெயிலு."

உள்ளே ஆட்டம் தொடங்கிவிட்டது. தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை, ஒலிபெருக்கி மட்டும் கேட்டது. காளைகளின் முதல் ரைடு, ஏழாம் நம்பர் என்றார்கள். கூட்டம் விசிலில் கிழிந்தது. அதில் துளசிராமனின் விசில் எட்வர்டுக்குத் தனியாக அடையாளம் தெரிந்தது.

"ஏழா?" ஜெரால்டு பாதி எழுந்துவிட்டான். "யாருக்குக் குடுத்தானுங்க?"

"செங்குன்றத்தான் ஒருத்தனுக்குத்தான் இருக்கும். நெட்டையா இருந்தான்."

"அது என் பனியன்."

"ஒரு மணி நேரம் முன்ன அது என் மேல இருந்துது."

ஒலிபெருக்கி இரண்டு பாயிண்ட் என்று கத்தியது. எட்வர்ட் வாயில் இருந்த பன்னை மெல்ல மறந்துவிட்டான். ஜெரால்டு உட்காராமல் தகரச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, கேட்கக் கூடாததைக் கேட்கிறவன் மாதிரி, "நல்லா ஆடுவானாண்ணா அவன்?" என்றான்.

"ஆடுவான் போல கீது," என்றான் எட்வர்ட்.