வடக்குச் சுவர்

ஒட்டுப்பொறியைக் கொக்கியிலிருந்து கழற்றி, சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அதில் ஒட்டிக்கிடந்த அந்துப்பூச்சிகளைப் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். நாற்பத்தொன்று. போன வாரம் முப்பத்தாறு. அதற்கு முந்தைய வாரம் முப்பத்துமூன்று. மறுபடியும் முதலிலிருந்து எண்ணிப் பார்த்தாள். எண்ணும்போது ஒன்றிரண்டு குறையாதா என்ற நப்பாசைதான். குறையவில்லை.

கிடங்கு முழுக்க உலர்ந்த அத்திப்பழம், பெட்டி பெட்டியாக உத்தரம் வரை அடுக்கியிருந்தது. தரம் பார்ப்பது அவள் வேலை. ஒரு பழத்தைப் பிட்டு அதில் ஒரு புழுவோ, நூல் இழுத்த பிசுக்கோ தெரிந்தால் அந்த அடுக்கே தள்ளுபடி. இத்தனை வருஷமும் புகை போட்டுத்தான் சமாளித்தார்கள். இந்த வருஷம் வாங்குகிற கம்பெனி, புகை போட்ட பழம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, குளவி விட்டுப் பார்க்கலாம் என்று சொன்னவள் அவள்தான். ஒரு பயிற்சியில் கண்ணால் பார்த்திருந்தாள். எள்ளளவு குளவி. மனுஷரைச் சீண்டாது. அந்துப்பூச்சியின் புழுவைத் தேடிப்போய்க் கொட்டி மயக்கி, அதன் மேலேயே முட்டை வைக்கும். பொரிந்து வருகிற குஞ்சுகளுக்கு அந்தப் புழுதான் சாப்பாடு. பழத்தை அது தொடுவதில்லை. பழம் பிரிக்கிற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "ஏன்க்கா, பூச்சி போதாதுன்னு நாமளே வேற விலைக்கு வாங்கி விடுறோமா?" என்று கேட்டாள் ஒருத்தி. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, குளவிக் குப்பிகளை நூலில் கட்டிச் சுவரோரமாகத் தொங்கவிட்டாள். அது நடந்து மூன்று வாரம் ஆகிறது.

இதில் அவளுக்கு மட்டும் தனியாக ஒரு சங்கடம் இருந்தது. அந்தக் கிடங்குக்குப் பதினோரு வருஷமாகப் புகை போட்டவர் அவள் வீட்டுக்காரர். தொழிலில் எல்லாரும் அவரைப் புகையண்ணன் என்பார்கள். கதவிடுக்கு, சன்னலிடுக்கெல்லாம் காகிதம் ஒட்டி அடைத்து, விஷப்புகை மாத்திரை வைத்து, ஒரு வாரம் யாரையும் கிட்டே அண்டவிடாமல் வாசலிலேயே காவல் இருப்பார். வேலைக்கு அவருக்கு வேறு இடங்களும் உண்டு. ஆனாலும் இந்தக் கிடங்கைத்தான் 'நம்ம குடோன்' என்பார். குளவி விடப்போகிற சேதியை அவள் சொன்னபோது, "உன் இஷ்டம்" என்றார். அதோடு சரி. பிறகு 'ம்', 'சரி', 'வேணாம்' என்ற மூன்று சொல்லிலேயே வீட்டில் குடித்தனம் நடந்தது. "அப்பா பூச்சிக்கு எமன், அம்மா பூச்சிக்குப் பந்தி வைக்கிறவங்க" என்று மகள் சாப்பாட்டு வேளையில் சொல்லிப் பார்த்தாள். அவர் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து கை கழுவப் போனார்.

பொறியை மாட்டிவிட்டுத் திரும்பியவள் வடக்குச் சுவர் விளிம்பில் அதைப் பார்த்தாள். மிளகைத் தட்டித் தூவினாற்போல் குளவிகள் செத்துக் கிடந்தன. குப்பிக்குள் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெளியே வந்து, சுவரில் உட்கார்ந்து, அங்கேயே செத்திருக்கின்றன. யாரோ மருந்து அடித்திருக்க வேண்டும். வாசலில் காவல்காரர், அவள் கேட்காமலே சொன்னார். "செவ்வாக்கிழமை சாயந்தரம் அண்ணன் வந்துட்டுப் போனாரும்மா. அவர்கிட்ட சாவி இருந்துச்சு. நீங்க அனுப்பினீங்கன்னுதான் நெனச்சேன்."

முதலாளி அடுத்த வாரம் வரைதான் பொறுப்பேன் என்று சொல்லியிருந்தார். எண்ணிக்கை இறங்காவிட்டால் பழையபடி புகை. அந்தக் கம்பெனி போய்விடும். அவள் பேச்சுக்கு இருந்த மரியாதையும் கூடவே போகும். வீட்டுக்காரர் இப்படிச் செய்வாரா? இருபத்திரண்டு வருஷத்தில் அவளை அவர் ஏமாற்றியதில்லை. கோபம் வந்தால் வெளியே போய் நடந்துவிட்டு வருகிற ஆள். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகப் பின்கட்டில் இருந்த தெளிப்பானைத் தூக்கிப் பார்த்தாள். காய்ந்துபோய் ஒட்டடை படிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகும் மனசு ஆறவில்லை. தெளிப்பானைச் சோதித்துப் பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று தன் மேலேயே ஒரு கசப்பு.

மறுநாள் விடுமுறை. மத்தியானம் மாடியில் துணி எடுக்கும்போது அவரும் கூட வந்தார். போர்வையை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்துக்கொண்டிருக்கையில் கேட்டுவிட்டாள்.

"குடோனுக்குப் போனீங்களா?"

"போனேன்."

"எதுக்கு?"

"பாக்கத்தான்." போர்வையின் முனையை அவர் விடவில்லை. "வடக்குச் சுவத்துல செத்துக் கிடக்குதே, அது நான் இப்ப எதுவும் அடிச்சதால இல்ல. ரெண்டு மாசம் முன்னாடி, சரக்கு வர்றதுக்கு முந்தி, குடோன் காலியா இருந்தப்ப அடிச்சேன். நாள்பட நிக்கிற மருந்து. உக்காந்தா செத்துரும்."

"அந்த மருந்து குடோன் பதிவு நோட்டுல ஏறலையே."

"நான் எழுதல."

அவள் காத்திருந்தாள். அவசரப்படுத்தினால் மறுபடி அந்த மூன்று சொல்லுக்குள் போய்விடுவார் என்று தெரியும்.

"அந்த மூலையில என் புகை நிக்காது" என்றார் கடைசியில். "தரைப் பலகைக்குக் கீழ, தரையும் சுவரும் சேர்ற எடத்துல ஒரு வெடிப்பு. எத்தனை தடவை அடைச்சாலும் எங்கேயோ கசியுது. கட்டடமே சரியில்லைன்னு மொத வருஷமே முதலாளிகிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா வேற ஆளைக் கூப்பிட்டிருவாரோன்னு வாய மூடிக்கிட்டேன். அதுக்கப்புறம் சொல்ல மொகம் இல்ல. அங்க மட்டும் ஒவ்வொரு தடவையும் தனியா மருந்தடிச்சு ஒப்பேத்தினேன். பதினோரு வருஷம். அந்தப் புழுவெல்லாம் அங்கேயிருந்துதான் வருது. நீ எவ்வளவு குளவிய விட்டாலும் மருந்து பட்ட அந்தச் சுவத்தத் தாண்டி அங்க போகாது."

"மூணு வாரமா நான் தலைய பிச்சுக்கிட்டிருந்தது உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, இரண்டுக்கும் நடுவே, இவர் தெளிப்பானைப் போய்த் தூக்கிப் பார்த்தேனே என்ற வெட்கமும் வந்தது. அதையும் சொல்லிவிட்டாள். அவர் போர்வையை இன்னொரு மடிப்பு மடித்தார். பிறகு, "நான் உன் எடத்துல இருந்தாலும் பாத்திருப்பேன்" என்றார்.

முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார். அவள் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். உள்ளே என்ன பேச்சு விழுந்ததோ, வெளியே வரும்போது அவர் காதுமடல் சிவந்திருந்தது. வடக்குச் சுவரை ஒட்டிய பெட்டிகளை எடுத்துத் தனியே வைத்து, மருந்து ஏறியிருக்கிறதா என்று பழத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் சுத்தம் என்று பதில் வந்தது. அந்த ஐந்து நாளும் அவள் சரியாகத் தூங்கவில்லை. முதலாளி இன்னும் ஒரு மாதம் தருவதாகச் சொன்னார். சுவரை யார் கழுவுவது என்று கேட்டார். "நான்தானே அடிச்சேன்" என்றார் புகையண்ணன்.

இரண்டு நாள் இருவரும் முட்டிபோட்டுத் தேய்த்தார்கள். சோப்பு போட்டுக் கழுவி, காயவைத்து, மேலே கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்பு பட்டால் அந்த மருந்து வீரியம் இழந்துவிடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தரைப் பலகைகளை நெம்பி எடுத்தபோது வெடிப்பு தெரிந்தது. விரல் நுழைகிற அகலம், உள்ளே வெள்ளை நூலாகப் பின்னிக் கிடந்தது. குளவி உள்ளே போக வழி வேண்டும் என்று அதை அடைக்காமல் பலகைகளை மறுபடி பொருத்தினார்கள். புதுக் குப்பிகளை எங்கே வைப்பது என்று அவர்தான் காட்டினார். "மேல தொங்கவிடாத. புழு கீழ இறங்கித்தான் கூடு கட்டும். இங்க, இங்க, அப்புறம் அந்தத் தூணுக்குப் பின்னால." எந்த இடுக்கில் காற்று வரும், எந்த இடுக்கில் வெக்கை தங்கும் என்பதெல்லாம் பதினோரு வருஷமாக அவர் தலைக்குள் இருந்தது. அவள் ஒரு தாளில் கிடங்கை வரைந்துகொண்டு ஒவ்வொன்றாகக் குறித்தாள்.

முதல் வாரம் முப்பத்தெட்டு. அதற்கடுத்து முப்பத்தொன்று. குறைகிறதா, தற்செயலா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூன்றாம் வாரத் தொடக்கத்தில் ஒருநாள் காலை, வேறு வேலைக்குப் போகிற வழியில் எட்டிப்பார்க்க வந்த மனுஷன், சட்டையோடு தரையில் குப்புறப் படுத்துக் கைவிளக்கைப் பலகைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க வா" என்றார், தலையைத் தூக்காமல். "மெதுவா."

அவளும் புடவையை இடுக்கிக்கொண்டு பக்கத்தில் படுத்தாள். வெடிப்பின் ஓரத்தில் ஒரு புழு அசையாமல் நீண்டு கிடந்தது. அதன் முதுகில் வெள்ளையாக, கசகசாவைப் போலச் சின்னச் சின்ன உருவங்கள் ஒட்டியிருந்தன. ஓரத்தில் ஒரு தாய்க்குளவி மீசையை ஆட்டி ஆட்டி நடந்துகொண்டிருந்தது.

"எத்தனை?" என்று கேட்டாள்.

"அஞ்சு. இரு, இந்தப் பக்கம் இன்னொண்ணு."

பழம் பிரிக்கிற பெண்கள் வேலைக்கு வந்து கதவைத் திறந்தபோது, அடுக்குகளுக்கு நடுவே நான்கு பாதங்கள் மட்டும் நீட்டிக்கொண்டு தெரிந்தன. அந்தப் பக்கத்திலிருந்து, யாரோ தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதைப் போல, இரண்டு குரல்கள் எண்ணிக்கொண்டிருந்தன.