திருப்பிக் கொடுத்த நீலக் கவுன்

கல்லூரியில் அவளுக்குப் பூமாதேவி என்று பட்டப்பெயர். யாராவது மலிவுத் துணி வாங்கினால் போதும், மண், தண்ணீர், விஷச் சாயம் என்று பிடித்துக்கொள்வாள். ஆனால் நாளுக்கொரு புது உடுப்பில் இணையத்தில் படம் போடாவிட்டால் அவளுக்கும் தூக்கம் வராது. அதற்கொரு வழி வைத்திருந்தாள். இயற்கைப் பருத்திக் கடையில் வாங்குவது, விலைச்சீட்டைக் கழுத்துக்குள் செருகிக்கொண்டு படம் பிடிப்பது, அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவது. வேறு யாரோ வாங்கிக்கொள்வார்கள், பூமிக்கு என்ன நஷ்டம்? தோழிகளுக்கும் இதையே பாடம் எடுத்திருந்தாள்.

அன்றும் நீலக் கவுனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே கடையில் வேலை பார்க்கும் அண்ணன் வீட்டில் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவோடு பின்னறைக்குள் நுழைந்தாள். அவனுக்கு அங்கே என்ன வேலை என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. அவனும் வாயைத் திறந்ததில்லை.

அவன் கையில் கத்தி. சட்டையின் கழுத்தில் செருகி, அடிவரை ஒரே இழுப்பு. மார்பு பிளந்த துணிகள் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன. கோழி அறுப்பவன் முகத்தில்கூட இத்தனை வெறி இருக்காது.

"என்னண்ணா பண்றே?"

"திரும்பி வந்த துணி. ஒருத்தி போட்டதை இன்னொருத்திக்கு வித்தா கடைப் பேரு கெட்டுடுமாம். சும்மா குடுத்தா மானமே போயிடுமாம். கிழிச்சு எரிக்கணும்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம." கவுண்டரிலிருந்து வந்த கூடையில் மேலாகக் கிடந்த நீலக் கவுனை எடுத்தான்.

"அது என்னோடது!" பாய்ந்து பிடித்தாள். அவன் இழுத்தான். அவள் அவன் முழங்கையைக் கடித்தாள். அவன் அவள் தலைமயிரைப் பற்றிச் சுவரோடு சாத்தினான்.

"விடுடி! என் வேலை போயிடும்!"

வலியைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. கத்தியையே பிடித்துவிட்டாள். உள்ளங்கை பிளந்து ரத்தம் கொட்டியது. அவன் கத்தியை விடுவித்துக்கொண்டான். பிறகு அழுதுகொண்டே கவுனைக் கிழித்தான்.

"இதுவரைக்கும் நீ திருப்பினதையெல்லாம் நான்தான்டி கிழிச்சேன். சொன்னா நம்பியிருப்பியா?"

அவள் வெளியே ஓடினாள். கவுண்டரில் அவளுடைய வகுப்புத் தோழி ஒரு மஞ்சள் சட்டையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய், குடுக்காதே! கிழிச்சு எரிக்கிறாங்க!"

"பைத்தியமா உனக்கு? நீதானே சொல்லிக் குடுத்தே? இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? படம் போட்டாச்சே!"

விற்பனைப் பெண் கை நீட்டினாள். பூமாதேவி முந்திக்கொண்டு, பிளந்த கையைச் சட்டையின் மார்பில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். மஞ்சள் முழுக்கச் சிவந்தது.

"கறை பட்டா எடுத்துக்க முடியாதுங்க," என்றாள் விற்பனைப் பெண், பின்வாங்கியபடி.

தோழி விட்ட அறையில் உதடு கிழிந்து பூமாதேவி கீழே விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே சட்டையை எடுத்துத் தோழியிடம் நீட்டினாள்.

"பச்சைத் தண்ணியில அலசு, போயிடும்," என்றாள். "மறுபடியும் போட்டுக்கோ."