பைய வை

வடிவு தன் அப்பாவை "நீ" என்பாள். பக்கத்து வீட்டுக் கோமு அக்காவை "நீ" என்பாள். மாலை போட்டிருக்கும் அம்மாவின் படத்திடம், பள்ளிக்கூடம் கிளம்பும்போது, "வாறேன், நீ இரு" என்பாள். ஊர்க்கோடியில் நிற்கும் சுடலைமாடனிடம்கூட, "பரீட்சையில கைவிட்றாத, கேட்டியா" என்றுதான் பேச்சு. என்னிடம் மட்டும் "நீங்க".

ஆவணியில் அவள் அப்பா மகாராஜனைக் கட்டிக்கொண்டு, வந்தவாசியிலிருந்து நாங்குநேரிப் பக்கமுள்ள இந்த ஊருக்கு வந்தேன். இப்போது கார்த்திகை. என்னைச் சித்தி என்று கூப்பிடச் சொல்லி அவர் மகளிடம் சொல்லிப் பார்த்தார். அவளோ என்னை எப்படியும் கூப்பிடாமலே காரியத்தை முடித்துக்கொண்டாள். "சோறு வைக்கீங்களா?" "பேனாவ இங்கன வச்சிருந்தேன், பாத்தீங்களா?" என்பதோடு சரி.

கோமு அக்காவுக்கு அதில் ஒரே வியப்பு. "ஏயம்மா, ஒம்பது வயசுப் புள்ள என்னமா மரியாதையா பேசுது! எம் மவன் என்னைய வாடி போடிங்கான்."

எனக்கு கோமு அக்கா மேல் பொறாமையாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கேரளா போய்வருவது வேலை. ஊரில் இருக்கும் நாட்களில் விடிவதற்கு முன்பே மகளை பைக்கில் ஏற்றிக்கொண்டு குளத்துக்குப் போய்விடுவார். மழையில் குளம் பெருகியிருந்தது. நாரை, நீர்க்காகம், தாரா என்று ஏராளமாக வந்து இறங்கியிருந்தன. வடிவுக்கு அவையெல்லாம் சும்மா. மடைக்குப் பக்கத்தில் தாமரை இலைமேல் நடந்து திரியும் இலைக்கோழிதான் அவளுக்கு வேண்டும். அது குஞ்சு பொரித்திருந்தது. அந்தக் குஞ்சுகளைப் பார்க்காவிட்டால் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு எதுவும் ஓடாது.

அந்த வாரம் அவர் லோடு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போனில், "ஏளா, நீ கூட்டிட்டுப் போயேன்" என்றார்.

வடிவு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வந்தா பேசக்கூடாது."

"பேசமாட்டேன்."

"இருமக்கூடாது."

"சரி."

மறுநாள் இருட்டோடு புறப்பட்டோம். குழந்தைக்குப் பசிக்குமே என்று மஞ்சள் பையில் ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய முறுக்கு எடுத்துக்கொண்டேன். கரையிலிருந்து மடைக்கு இறங்கும் சரிவு வழுக்கலாக இருந்தது. கீழ்வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. முன்னால் இறங்கியவள் திரும்பாமலே கிசுகிசுத்தாள்.

"பைய வைங்க."

அவளாக என்னிடம் அக்கறையாகச் சொன்ன முதல் வார்த்தை. எவ்வளவு நேரம் சுமப்பீங்க என்று கேட்ட மாதிரி இருந்தது. சந்தோஷமாகப் பையைக் கீழே வைத்தேன்.

சரிவில் பை சாய்ந்தது. டப்பா வெளியே வந்து, மடைக்கல்லில் மோதி, மூடி ஒரு பக்கம், முறுக்கு ஒரு பக்கமாகத் தண்ணீருக்குள் போனது. அந்தச் சத்தத்தில் குளமே எழுந்து பறந்த மாதிரி இருந்தது. இலைக்கோழியும் தாமரைக்கு மேலே தாழப் பறந்து அக்கரைக்குப் போய்விட்டது.

"பைய வைங்கன்னுதானே சொன்னேன்!"

"பையத்தானே வச்சேன்!"

சாயங்காலம் போன் வந்ததும் வடிவு புகாரை ஆரம்பித்தாள். "எல்லாத்தையும் வெரட்டிட்டாங்க அவங்க." நான் என் நியாயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

"ஏளா, எங்க ஊர்ல 'பைய'ன்னா மெதுவா. பைய நட, பைய பேசு, பைய வை. காலைப் பாத்து வைக்கச் சொல்லிருக்கா!"

"எங்க ஊர்ல பைன்னா பைதாங்க."

வடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ஆனால் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"அப்பா, அது குஞ்ச விட்டுட்டுப் போயிருந்துச்சுன்னா?"

"வந்துரும்ளா."

"வரலன்னா?"

போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று சொன்னால் நம்புகிற பிள்ளை இல்லை அவள்.

அடுத்த நாள் விடிகாலையில் நான் பை எடுக்கவில்லை. செருப்பு போடவில்லை. கல்யாணத்துக்கு அவர் வாங்கித் தந்த கொலுசையும் கழற்றி அஞ்சறைப்பெட்டிமேல் வைத்தேன். வடிவு என் காலைப் பார்த்தாள். சேர்ந்து நடந்தோம்.

இலைக்கோழி பழைய இடத்திலேயே நின்றது. குஞ்சுகளைத்தான் காணோம். வடிவு ஒவ்வொரு இலையாகத் தேடினாள். சூரியன் வந்துவிட்டது. அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றாள், எனக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில்.

நானும் அந்தப் பறவையையே பார்த்தேன். அது நின்ற விதம் சரியாகப் படவில்லை. இறக்கையை உடம்போடு ஒட்டாமல் விரைப்பாக வைத்திருந்தது. பேசமாட்டேன் என்று கொடுத்த வாக்கு மறந்துபோயிற்று.

"வடிவு, அதுக்கு எத்தனை கால்?"

அவள் பார்த்தாள். இறக்கைக்குக் கீழே இரண்டு பக்கமும், கோரைத் துணுக்குபோல, நீள விரல்களோடு குட்டிக் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பறவை ஓர் அடி எடுத்து வைத்தது. எல்லாக் கால்களும் ஆடின.

"கக்கத்துல வச்சிருக்கு!" வடிவு என் கையைப் பிடித்து உலுக்கினாள். "குஞ்செல்லாம் கக்கத்துல வச்சிருக்கு!"

"கெட்டிக்கார அம்மாதான்."

"அம்மா இல்ல, அப்பா. இதுல அப்பாதான் வளக்கும்."

"அம்மா?"

"முட்டை போட்டுட்டுப் போயிரும். எங்கப்பா சொல்லிருக்கு."

பறவை அகலமான ஓர் இலையில் ஏறி மெல்லக் குந்தியது. இறக்கையைத் தளர்த்தியதும் ஒரு குஞ்சு வழுக்கி வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. நன்றாகப் பார்க்கும் ஆசையில் நான் ஓர் அடி கீழே இறங்கினேன். சேற்றில் கால் சறுக்கியது.

என் முந்தானையை ஒரு கை கெட்டியாகப் பிடித்தது.

"ஏ, பைய வை! உள்ள விழுந்துருவ!"

நான் அப்படியே நின்றேன். அவள் கண் குஞ்சுகள் மேலேயே இருந்தது. என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியாது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு, காலைத் தூக்கி, பைய வைத்தேன். இலைக்கோழி பறக்கவில்லை.

திரும்பும்போது அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் திருத்திக்கொள்வாளோ என்று பயம். முந்தானை நுனி அவள் கையிலேயே இருந்தது. வீட்டு வாசலில்தான் விட்டாள்.

"நாளைக்கு அந்தப் பைய எடுத்துக்கோ. முறுக்கு இருந்துச்சுல்லா?"

"எடுத்துக்கிறேன்."

"கீழ வைக்காத, சித்தி. தோள்லயே போட்டுக்கோ."