குடி பெயர்ந்த விதம்

கண்ணாடி வெட்டுபவரின் வீடு முதல் நாள் பதினோரு அடி நகர்ந்தது. அவருக்கு அது உறைக்கவில்லை. பதினான்கு வருடக் குடியில் வீடு ஒரு நாளும் விட்ட இடத்தில் நின்றதில்லை. வாசலுக்கு நேர் எதிரே மதுக்கடை. "நான் எங்க போறேன், கால் தானா போகுது" என்பார். கை நடுக்கத்தோடு அவர் வெட்டிய கண்ணாடிகள் ஊர் ஜன்னல்களில் அலை அலையாக நின்றன. அவற்றின் வழியே பார்த்தால் நிதானமாக நடப்பவர்களும் தள்ளாடினார்கள். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் அவர் மனைவி கடைசியில் சொல்லிவிட்டாள்: "இந்தக் குடி இங்கேருந்து போகணும். இல்ல, நான் போறேன்." அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வந்தவரைத் தடுத்தாள். "வேணாங்க. நீங்க இதுவரைக்கும் அடிச்ச சத்தியத்துலயே பாதி முடி கொட்டிடுச்சு."

ஆஸ்பத்திரி டாக்டர், நின்ற இடத்திலேயே மிதிக்கும் பழைய சைக்கிள் ஒன்றைக் கொடுத்தார். "குடிக்கணும்னு தோணினா பத்து நிமிஷம் மிதிங்க. உங்களுக்கு மூச்சு வாங்கினா ஆசைக்கும் வாங்கும்." ஓடாத சைக்கிளை மிதித்து எந்த ஊர் போய்ச் சேர என்று மதுக்கடையில் சிரித்தார்கள். ஆசை ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை வந்தது. பன்னிரண்டு முறையும் மிதித்தார். சைக்கிள் அப்படியே நின்றது, வீடு போயிற்று. எந்தக் குடி போகவேண்டும் என்று மனைவி விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். மின்சார ஆபீஸ்காரர்கள் முணுமுணுத்தபடி கம்பியை நீட்டிக் கொடுத்தார்கள். டாக்டரோ நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாடி நல்லா இருக்கு. வீடு என் டிபார்ட்மென்ட் இல்ல" என்றார். ஆறு மாதத்தில் ஆசை தினம் இரண்டு முறையாகக் குறைந்தது, கண்ணாடி நேராக வெட்டுப்பட்டது, வீடு ஊர் எல்லையில் போய் ஓய்ந்தது. மனைவி நம்பவில்லை. இப்படிப்பட்ட நல்ல மாதங்களை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள்.

மதுக்கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. கல்லாவை விட்டு எழுந்தே பழகாத மனிதர் அதே மாதிரி சைக்கிள் வாங்கி மிதித்தார், கடை கிளம்பியது. குடிமக்கள் அதன் பின்னாலேயே ஓடினார்கள். ஓடிப் பிடித்தபின் ஒருவருக்கும் குடிக்கத் தோன்றவில்லை, தண்ணீர் கேட்டார்கள். கடைக்காரருக்குத் தொந்தி கரைந்தது, வியாபாரமும் கரைந்தது, வீம்பு மட்டும் கரையவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை மனைவி ஜன்னலைத் திறந்தாள், எதிரே கடை. கண்ணாடிக்காரர் சைக்கிளில் ஏறினார். அதன்பின் இரண்டு வருடம் வீடு முன்னாலும் கடை பின்னாலுமாக நான்கு ஊர்களைக் கடந்தார்கள். ஒவ்வோர் ஊரிலும் தபால் நிலையம் இருந்ததால் மனைவியின் வேலைக்குப் பங்கமில்லை.

ஐந்தாவது ஊரில், ஒரு மத்தியானம், அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. கடை வந்து ஜன்னலோடு ஒட்டி நின்றது. வாசனை வீட்டுக்குள் வந்தது. மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இன்னும் ஆசையா இருக்கா?"

"இருக்கு" என்றார். அத்தனை வருடத்தில் அவர் அவளிடம் சத்தியம் செய்யாமல் சொன்ன முதல் உண்மை அது. அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. செருப்பைக் கழற்றினாள்.

"இறங்குங்க. கொஞ்ச தூரம் நான் மிதிக்கிறேன்."

அவளுக்குக் கால் எட்டவில்லை. அவர் நொண்டிக்கொண்டே வந்து இருக்கையை இறக்கிக் கொடுத்தார். வீடு கிளம்பியது.